இளைத்ததற்கு ஒரு பாராட்டு

1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கத்துக்கு அடியில் இருந்த அறைகளில் 36 இளைஞர்கள் குடியேறினார்கள். போரில் ஆயுதம் தூக்க மனசாட்சி இடம் தராதவர்கள். அதற்குப் பதிலாகத் தங்கள் உடம்பை ஆராய்ச்சிக்குக் கொடுத்தவர்கள். போரில் பட்டினி கிடந்த மக்களைத் தேற்றுவது எப்படி என்று அறிய, உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் அவர்களை ஆறு மாதம் அரைவயிறாக வைத்திருந்தார். சுத்தப் பட்டினி இல்லை. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று நாளுக்கு இரண்டு வேளை கிடைத்தது.

எடையில் கால்வாசி கரைந்தது. அது எதிர்பார்த்ததுதான். மனசுக்கு நடந்ததுதான் திகைக்க வைத்தது. உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துப் பொறுக்கிய ஆட்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை முடிக்க மனமில்லாமல் இழுத்தடித்தார்கள். சிரிப்பு போயிற்று, எரிச்சல் வந்தது, மற்றவர்களோடு பழகுவது விட்டுப்போயிற்று. தாங்கள் எலும்பும் தோலுமாக நிற்பது சிலருக்கு உறைக்கவே இல்லை. மற்றவர்கள்தான் அளவுக்கு மீறிப் பருத்துத் தெரிந்தார்கள்.

இவர்களில் ஒருவரும் அழகுக்காக மெலிய வந்தவர் அல்ல. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அனோரெக்சியா என்கிற உணவு மறுப்பு நோய் வந்த பெண்ணிடம் நாம் காணும் பிடிவாதம், சிடுசிடுப்பு, தான் சாப்பிடாமல் ஊருக்கே சமைத்துப் போடும் வினோதம் எல்லாவற்றையும் அவள் குணம் என்றும் திமிர் என்றும் பேசுகிறோம். அதில் பெரும்பங்கு பட்டினி செய்கிற வேலை. எண்ணம் வயிற்றைக் காயப்போடுகிறது, காய்ந்த வயிறு எண்ணத்தை இன்னும் கோணலாக்குகிறது. தொடங்கிவைத்தது எதுவானாலும், பிறகு அது தானாகவே சுழல்கிறது.

‘நீ ஒல்லியாத்தான்மா இருக்கே, கண்ணாடியைப் பாரு’ என்ற சமாதானம் எடுபடாததும் இதனால்தான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், அனோரெக்சியா உள்ளவர்களை வெவ்வேறு அகலமுள்ள வாசல்கள் வழியே நடக்கவிட்டார்கள். நேராகவே தாராளமாகப் புகுந்துவிடக்கூடிய இடத்திலும் அவர்கள் தோளைத் திருப்பிக்கொண்டு, ஒருக்களித்து நுழைந்தார்கள். எதைச் சோதிக்கிறார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. கண் மட்டுமல்ல, நடையும் உடம்பைப் பெரிதாகவே கணக்குப் போட்டிருக்கிறது. இந்த இடத்தில் வாதம் செய்து ஜெயிக்க முடியாது.

சரி, இதைத் தொடங்கிவைப்பதில் ஊரார் பார்வைக்குப் பங்கு உண்டா? பிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வாட்டசாட்டமான உடம்பை மெச்சுகிற ஊர் அது. ஒருத்தி இளைத்தால் வீடு கவலைப்படும். எடை குறைப்பதற்காக வாந்தி எடுப்பதாக அந்த ஆண்டு எந்தப் பள்ளி மாணவியும் சொல்லவில்லை. மூன்றாண்டு கழித்து ஆய்வாளர் ஆன் பெக்கரின் குழு மறுபடி கேட்டபோது 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். தொலைக்காட்சியை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. பரம்பரைக்கும் பதற்ற சுபாவத்துக்கும் இந்த நோயில் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரு சமூகம் எந்த உடம்பை மெச்சுகிறது என்பது எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் வீடுகளிலும் அப்படித்தான் மாறியிருக்கிறது. ‘என்னடி இப்படி இளைச்சுட்டே?’ என்று பெரியம்மா கேட்டால் அது விசாரிப்பு. பின்னாலேயே ஒரு தட்டு பலகாரம் வரும். இன்று கல்யாண மண்டபத்தில் அதே வாசகம் பாராட்டாக வருகிறது. எப்படிக் குறைத்தாய் என்று வழிமுறையும் கேட்கிறார்கள். நோய் வேர்பிடிக்கிற மாதங்கள் இப்படி வாழ்த்துகளிலேயே கழிகின்றன. மாதவிலக்கு நின்று, முடி கொட்டி, ஒருநாள் பள்ளியில் மயங்கி விழும்போதுதான் வீடு விழிக்கிறது. மெலியாதவர்கள் பாடு இன்னும் மோசம். கட்டுமீறிச் சாப்பிட்டுவிட்டு ரகசியமாக வாந்தி எடுக்கும் புலிமியாக்காரர் பெரும்பாலும் சாதாரண எடையில் இருப்பார். யாருக்கும் சந்தேகம் வராது. பையன்களை நாம் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஒரு துணைச் செய்தி. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பழைய கணக்குக்கு 1972இல் பி.எம்.ஐ. என்று பெயர் சூட்டியவர் அதே ஆன்செல் கீஸ். மக்கள்தொகையை ஆராய ஏற்ற கணக்கு அது. இன்று பதினான்கு வயதுப் பிள்ளை செல்போனில் அதைப் போட்டுப் பார்த்துத் தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்கிறது.

அனோரெக்சியாவுக்கு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான சிகிச்சை முறை, பெற்றோரைக் குற்றம் சொல்லாமல், பிள்ளையின் சாப்பாட்டுப் பொறுப்பைச் சில காலம் அவர்களிடமே ஒப்படைக்கிறது. முதலில் உணவு, பேச்சு பிறகு. எடை தேறிய பிறகும் உடம்பின் மீதான வெறுப்பு தணிய நாளாகும். அந்த இடைவெளியில் ‘இப்பதான் பூசினாப்ல இருக்கே’ என்று அன்பாகச் சொன்னாலும் அடுத்த வேளைச் சோறு நின்றுபோகலாம். ஆகவே உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட எதுவும் சொல்லாதீர்கள். பேச வேறு எவ்வளவோ இருக்கிறது. சந்தேகம் வந்தால் டயட் சொல்பவரோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். மனநோய்களில் உயிரை அதிகம் பறிப்பவற்றுள் அனோரெக்சியாவும் ஒன்று.