திரைக்குள் ஓர் இரவு

ஒளி நன்மைக்கும் இருள் தீமைக்கும் அடையாளம் என்றே நாம் மறைக்கல்வி வகுப்பில் கற்றோம். மறையுரைகளிலும் இந்த ஒப்புமையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இன்று நம் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் கணிப்பொறியின் முன் அமர்வோர், “ஒளி கண்ணைக் குத்துகிறது, இருள்தான் இதமாக இருக்கிறது” என்று சொல்லி, வெண்திரையைக் கருந்திரையாக மாற்றிக்கொள்கின்றனர். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் தோன்றும் இந்த முறையை ‘டார்க் மோட்’ என்கிறார்கள். விண்டோஸ் கணிப்பொறியானால் அமைப்புகளுக்குள் சென்று, நிறங்கள் என்னும் பகுதியில் இருண்டதைத் தேர்ந்துகொண்டால் போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இத்தனை சிறிய செயலில் அறநெறிக் கேள்வி என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். நம் உடல் வலியினால் நம்மிடம் ஏதோ சொல்கிறது. நாம் அதற்குச் செவிகொடுக்கிறோமா, அல்லது அதன் வாயை மூடுகிறோமா? கேள்வி இதுதான். கண் வலியைத் தீர்க்கும் எளிய வழியொன்றை முன்வைத்து இதைச் சிந்திப்பது பயனுள்ளது.

கறுப்புத் திரை புதியதன்று. 1980களில் நம் நாட்டு அலுவலகங்களுக்குக் கணிப்பொறி வந்தபோது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒளிர்ந்ததை ஐம்பது வயதைக் கடந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று அது எவருடைய விருப்பமும் அன்று. அக்காலப் படக்குழாய்த் திரையின் இயல்பே அப்படி. காகிதத்தைப் போல வெண்மையான திரையில் கறுப்பு எழுத்து என்னும் எண்ணம் 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆல்ட்டோ கணிப்பொறியில் உருப்பெற்று, 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் வழியாகப் பொதுமக்களை அடைந்தது. பின்னர் 2018-இல் அதே நிறுவனம் தன் கணிப்பொறிகளிலும், 2019-இல் ஐபோனிலும் கருந்திரையைத் தந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் 2019-இல் அவ்வழியே சென்றன.

கண்ணுக்கு இது உண்மையிலேயே நல்லதா? விடை ஒரே சொல்லில் அடங்காது. இருண்ட அறையில் வெண்திரை கண்ணைக் கூசவைக்கும். அங்கே கருந்திரை இதமளிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளிச்சமான இடத்தில் வெண்திரையைப் பார்க்கும்போது கண்மணி சுருங்குகிறது. சுருங்கிய கண்மணி எழுத்தைக் கூர்மையாகக் காட்டுகிறது. ஆகவே பகல் வெளிச்சத்தில் சிறிய எழுத்துகளை வாசிக்க வெள்ளைப் பின்னணியே பெரும்பாலோருக்கு ஏற்றது. கருவிழியின் வளைவில் ஒழுங்கின்மை உடையோருக்குக் கறுப்பில் உள்ள வெள்ளை எழுத்து கசிந்து பரவியதுபோலத் தோன்றுவதும் உண்டு. மின்சேமிப்பும் சூழலைப் பொறுத்ததே. புள்ளிக்குப் புள்ளி தனித்தனியே ஒளிரும் ஓஎல்இடி திரைகளில் மட்டுமே அது பொருந்தும். அவற்றிலும், திரையின் ஒளி முழு அளவில் இருந்தால் 39 முதல் 47 விழுக்காடு வரை மிச்சமாகும். நாம் வழக்கமாக வைத்திருக்கும் 30 முதல் 50 விழுக்காட்டு ஒளியில் 3 முதல் 9 விழுக்காடே மிச்சமாகும் என்று அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் கண்டறிந்தனர்.

இவற்றைவிட முக்கியமான செய்தி வேறொன்று. கண் சோர்வதற்குத் திரையின் வெண்மை மட்டுமே காரணமன்று. இயல்பாக நிமிடத்துக்கு 15 முறை அளவில் இமைக்கும் நாம், திரையை உற்றுநோக்கும்போது அதில் பாதியளவுகூட இமைப்பதில்லை. கண் உலர்கிறது. அருகிலுள்ள ஒன்றையே மணிக்கணக்கில் பார்ப்பதால் உள்ளிருக்கும் தசையும் களைக்கிறது. இக்களைப்புக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள ஒன்றை, 20 நொடி பாருங்கள் என்கிறார்கள் கண் மருத்துவர்கள். கண்ணின் வலி, ‘நிறத்தை மாற்று’ என்று மட்டும் சொல்லவில்லை. ‘சற்றே நிறுத்து’ என்றும் சொல்கிறது. முதல் வேண்டுகோளை நாம் உடனே நிறைவேற்றிவிடுகிறோம். இரண்டாவது நம் செவியில் விழுவதேயில்லை. வலி குறைந்துவிட்டதால் இன்னும் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கிறோம்.

அப்படியானால் இதம் தேடுவது தவறா? திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை. உடலை வருத்துவதே புனிதம் என்று எண்ணுவோர் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதியவற்றைப் படித்துப் பார்க்கவேண்டும். துயருற்றவனுக்குத் தூக்கமும் நீராடலும் மருந்தாகும் என்று தம் இறையியல் தொகுப்பிலேயே அவர் விளக்கியிருக்கிறார். உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல உள்ளத்துக்கும் இளைப்பாறுதல் தேவை என்று கூறும் அவர், திருத்தூதர் யோவானைப் பற்றிய பழைய கதையொன்றையும் எடுத்தாள்கிறார். யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தனர். அவர்களில் வில் ஏந்திய ஒருவனை யோவான் அழைத்து, அம்பு எய்யச் சொன்னார். மீண்டும் மீண்டும் எய்யச் சொன்னபின், “இப்படியே ஓயாமல் எய்ய இயலுமா?” என்று வினவினார். “வில் ஒடிந்துவிடும்” என்றான் அவன். மனித உள்ளமும் அத்தகையதே என்றார் யோவான்.

வில்லின் நாணைத் தளர்த்துவதும், வில்லுக்குப் பட்டுத்துணி சுற்றுவதும் ஒன்றல்ல. பட்டு சுற்றினால் பிடிக்கும் கைக்கு இதமாக இருக்கும், நாண் தளராது. கருந்திரையும் பல வேளைகளில் இந்தப் பட்டுத்துணியாகவே இருக்கிறது.

தாம்பரம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது ஏட்டளவிலான செய்தியன்று. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் மின்சார இரயில் ஓடுகிறது. அந்தத் தடத்தில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். மருத்துவர் சவுரிமுத்து 1928-இல் காசநோயாளருக்கென நிறுவிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோயைக் கொல்லும் மருந்து அன்று கண்டுபிடிக்கப்படவில்லை. தூய காற்று, நல்லுணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே சிகிச்சை. ஓய்வையே மருந்தாகக் கொடுத்த இடம் அது. அதன் பெயரைத் தாங்கிய அதே நிலையத்தின் அருகில்தான் 1984-இல் ஏற்றுமதி வளாகம் எழுந்தது. நாம் ‘மெப்ஸ்’ என்று அழைப்பது அதைத்தான். இன்று அங்கும், சோழிங்கநல்லூர் முதல் சிறுசேரி வரை பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும், கணிப்பொறித் துறையில் நம் பிள்ளைகள் பணிபுரிகின்றனர். அமெரிக்காவில் விடியும்போது இங்கே இரவாகிறது. அந்நாட்டின் பகலுக்கு ஏற்ப இங்கே பலர் இரவில் விழித்திருக்கின்றனர்.

குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் வீடு மந்திரிக்கச் செல்லும் குருவானவரிடம், “சாமி, கொஞ்சம் மெதுவா செபம் சொல்லுங்க, மகன் உள்ளே தூங்குறான்” என்று தாழ்ந்த குரலில் வேண்டும் தாய்மார் உண்டு. பகல் பதினொரு மணிக்குச் சன்னல்களில் தடித்த திரைச்சீலை தொங்கும். இரவு பன்னிரண்டு மணிக்கு அதே மகனின் எதிரே கணிப்பொறியில் கருந்திரை விரிந்திருக்கும். வீட்டில் ஒரு செயற்கை இரவு, திரையில் மற்றொரு செயற்கை இரவு. ஆண்டவர் தந்த இரவு மட்டும் வெளியே எவருக்கும் பயன்படாமல் கழிந்துபோகிறது.

இரவில் உழைப்பது பாவமன்று. செவிலியரும் இரயில் ஓட்டுநரும் காவலரும் விழித்திருப்பதால்தான் நாம் உறங்குகிறோம். கிறிஸ்து பிறந்த நற்செய்தியை முதலில் கேட்டவர்களும் இரவுப் பணியில் இருந்த இடையர்களே. ஆனால் இரவில் உழைப்பவருக்கு ஓய்வு என்னும் கடன் தரப்படவேண்டும். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல் இதைத் தெளிவாகப் பேசுகிறது. உழைப்பினால் தேயும் வலிமைக்கு ஏற்ப ஓய்வு அமையவேண்டும் என்றும், சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை செய்வோரின் பணிநேரம் அவ்வேலையின் கடுமைக்கு ஏற்பக் குறைக்கப்படவேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. சுரங்கத் தொழிலாளிக்கு நல்ல விளக்கு கொடுத்துவிட்டால் போதும் என்று அத்திருத்தந்தை சொல்லவில்லை. அவனுடைய நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். 2025-இல் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் பெயரைத் தேர்ந்ததற்கு இந்தச் சுற்றுமடலையே முதன்மையான காரணமாகக் குறிப்பிட்டு, செயற்கை நுண்ணறிவு எழுந்துள்ள இக்காலத்திலும் மனித உழைப்பின் மாண்பு காக்கப்படவேண்டும் என்றார். இதமான நாற்காலியும் கண்ணுக்கு உகந்த திரையும் தரும் நிறுவனம் நல்ல நிறுவனமே. ஆயினும் அவை ஓய்வுக்கு ஈடாகமாட்டா.

இறைவன் இருளை எவ்வாறு நடத்தினார் என்று தொடக்க நூலில் பார்ப்போம். அவர் இருளை அழிக்கவில்லை. ஒளியினின்று பிரித்து, இரவு என்று அதற்குப் பெயரிட்டு, அதற்குரிய நேரத்தைக் கொடுத்தார். அங்கே ஒவ்வொரு நாளும் மாலை, காலை என்னும் வரிசையிலேயே எண்ணப்படுகிறது. யூதர்களுக்கு நாள் மாலையில் தொடங்குகிறது. நம் திருவழிபாட்டிலும் ஞாயிறு சனி மாலையிலேயே பிறந்துவிடுகிறது. இதன் பொருள் ஆழமானது. மனிதனின் நாள் உழைப்பில் அன்று, உறக்கத்தில் தொடங்குகிறது. நாம் கண்மூடியிருக்கும்போது இறைவன் பணியைத் தொடங்கிவிடுகிறார். விடியலில் எழும் நாம் அதில் சேர்ந்துகொள்கிறோம். நமக்கோ இரவு என்பது பகலில் முடிக்காத வேலைகளைக் கொட்டிவைக்கும் கிடங்காகிவிட்டது.

பாஸ்கா திருவிழிப்பில் நாம் கோவில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு இருளில் நிற்கிறோம். அந்த இருள் நம்மைக் காத்திருக்கச் செய்கிறது. அதனால்தான் பாஸ்காத் திரியின் சிறு சுடர் நம் உள்ளத்தைத் தொடுகிறது. கருந்திரையின் இருளோ நம்மைக் காத்திருக்கச் செய்வதில்லை. அது இடைவிடாமல் பார்க்கவே செய்கிறது.

ஆகவே கருந்திரையை விலக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. இரவில் அது இதமளித்தால் வைத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தால் வெண்திரைக்கே திரும்புங்கள். ஆனால் அதை மாற்றும் அந்த ஒரு நிமிடத்தில், ‘இந்த நேரத்தில் நான் ஏன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாயப் பணிக்காகவா, குடும்பத்தின் உணவுக்காகவா, அல்லது நிறுத்தத் தெரியாததாலா? முதல் இரண்டுக்கும் விடை நிறுவனத்திடமும் சமூகத்திடமும் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் துணிவை நாம் சேர்ந்தே வளர்க்கவேண்டும். மூன்றாவதற்கு விடை நம் கையிலேயே இருக்கிறது. சூரியன் மறையும் வேளையில் தானாகவே இருண்டுகொள்ளும் ஏற்பாடு இன்றைய கைப்பேசிகளில் உண்டு. பொழுது சாய்ந்ததைக் கருவி அறிந்துகொள்கிறது. அதைக் கையில் வைத்திருக்கும் நாம் அறிவதில்லை.

திருச்சபை ஒவ்வோர் இரவும் உறங்குமுன் சொல்லும் மன்றாட்டில் முதியவர் சிமியோனின் பாடல் இடம்பெறுகிறது. மீட்பைத் தம் கண்களால் கண்ட அவர், இனி அமைதியோடு போகவிடும்படி ஆண்டவரிடம் விடைகேட்கிறார். அவர் கண்கள் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கவில்லை. பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டன, அதனால் அவர் நிறைவோடு மூடிக்கொள்ள விழைந்தார். நம் இளைஞரின் களைத்த கண்களுக்கும் அந்த நிறைவு வாய்க்கவேண்டும்.