அரண்மனைச் சீமாட்டியும் அடிமை விலங்கும்

1826ஆம் ஆண்டில் ரஷ்ய ஓவியர் பியோத்தர் சொகலோவ் நீர்வண்ணத்தில் ஒரு தாயையும் கைக்குழந்தையையும் தீட்டினார். தாயின் பெயர் மரியா வோல்கான்ஸ்கயா. நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட தளபதி ராயேவ்ஸ்கியின் மகள். இளவரசர் செர்கேய் வோல்கான்ஸ்கியின் துணைவி. புகைப்படம் பிறவாத நாள் அது. பிரியப் போகிறவர் முகத்தைத் தாளிலே தேக்கி வைத்தனர் பிரபுக் குலத்தார். பட்டும் பகட்டும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, இதுவும் சீமாட்டி ஒருத்தியின் சித்திரம்தானே என்று தோன்றும். ஆனால் அவ்வாண்டின் இறுதியிலே அந்தச் சீமாட்டி சைபீரியாவுக்குப் புறப்பட்டுவிட்டார்!

கொடுங்கோன்மையைத் தகர்க்க வேண்டும், பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்று எண்ணிய படையதிகாரிகள் 1825 டிசம்பரில் கிளர்ந்தெழுந்தனர். ஐவர் தூக்கு மேடை ஏறினர். செர்கேய்க்குக் கிடைத்தது இருபதாண்டுக் கடுந்தண்டனை. மணமாகி ஓராண்டுகூட நிறையாத வேளையில் வெடித்த கிளர்ச்சி அது!

"கணவன் காட்டுக்குப் போனால் மனைவியும் போவதே கற்பு என்னும் கதையை ஏற்காத நாம், இந்த மாதரசியை மட்டும் எப்படிப் போற்றுவது?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும். மரபு இவரிடம் கூறியது என்ன? 'போ' என்றா? இல்லை! அரசியல் குற்றவாளிகளின் மனைவியர் மணத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஜார் மன்னனே வழி திறந்து வைத்தான். ஓராண்டில் திரும்பாவிடில் சபிப்பேன் என்றார் தந்தை. கீழ்ப்படிதலே பெண்ணுக்கு அணி என்றால், மரியா வீட்டிலன்றோ இருந்திருக்க வேண்டும்? அவர் மீறினார். செல்லும் வழியில், இர்கூத்ஸ்க் நகரில், அதிகாரிகள் ஒரு தாளை நீட்டினர்: இனி நீ நாடு கடத்தப்பட்ட கைதியின் மனைவி, சைபீரியாவில் உனக்குப் பிறக்கும் பிள்ளைகள் அரசின் குடியானவர்கள். இளவரசி கையெழுத்திட்டார்.

செர்கேயின் தாய் அலெக்ஸாண்ட்ராவோ தாய்ப்பேரரசியின் அரண்மனையிலே தலைமைச் சீமாட்டி. மகன் விலங்கோடு போனான். தாய் பதவியோடு இருந்தார். மகனைத் தண்டித்த குடும்பத்துக்கே தொண்டு! அந்த அம்மையாரை ஏசுவது எளிது. அரண்மனை என்பது தாய்ப்பாசத்தையும் வரிசை மரியாதைக்குள் அடக்கிவிடும் இடம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தை? அங்கேதான் நமது வாதம் தடுமாறுகிறது. பிள்ளையை உடன் கொண்டுபோக அரசு இடம் தரவில்லை. பாட்டியிடம் விடப்பட்ட நிக்கலாய், 1828இல், இரண்டு வயதிலே இறந்தான். தாயைக் குறை கூறுவோர் உண்டு. பச்சிளங்குழந்தையை எண்ணாமல் புரட்சிக்குப் போனாயே என்று தந்தையை எவரும் கேட்டதில்லை! ஆணுக்கு அது தியாகம், பெண்ணுக்கு அது பிழையா? எனினும் அந்தக் குழந்தையை எவரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. அதை மறைக்க நமக்கு உரிமையில்லை.

1827 பிப்ரவரியில், சுரங்கச் சிறையிலே கணவரைக் கண்டதும், முதலில் மண்டியிட்டு அவர் கால் விலங்கை முத்தமிட்டதாக மரியா தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கணவருக்கு முன் விலங்கு! அந்த விலங்கு, பண்ணையடிமைகளின் பொருட்டுப் பூட்டப்பட்டது. அவ்வடிமைகளின் உழைப்பிலேதான் அவர் பிறந்த வீடும் புகுந்த வீடும் செழித்திருந்தன.

1856இல் மன்னிப்பு வந்தது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. அதனைக் கண்ட பின்னரே, 1863இல், மரியா மறைந்தார்.