நெஞ்சுக் காய்ப்பு

அப்பாவை அடக்கம் செய்து நான்கு வருஷம் ஆகிறது. அன்று யார் யார் வந்தார்கள், யார் தூக்கினார்கள் என்பதெல்லாம் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. பெட்டியை மூடப்போகும் நேரத்தில் அம்மா அப்பாவுடைய வெள்ளைச் சட்டையின் மேல் பித்தான்கள் இரண்டைக் கழற்றியது மட்டும் அப்படியே நிற்கிறது. கழற்றி, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். தலைமாட்டில் நின்ற குருவானவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, அங்க போனா இந்தக் காய்ப்பு இருக்குமா, போயிருமா?"

அவர் கொஞ்சம் தாமதித்து, "ஜெபம் பண்ணுவோம்மா" என்றார். அம்மா பித்தான்களைத் திரும்ப மாட்டினாள். கீழ்ப் பித்தான் சீக்கிரம் நுழைந்துவிட்டது. மேல் பித்தானுக்கு நேரமாயிற்று.

அப்பா பனையேறி. திருச்செந்தூருக்குப் பக்கத்துத் தேரிக்காட்டில் நாற்பது வருஷம் ஏறினார். பதநீர் காலத்தில் ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும். காலில் திளாப்பு, இடுப்பில் அருவாள்பெட்டி. மரத்தைக் கட்டிப்பிடித்து ஏற ஏற நெஞ்சு அதில் உரசிக்கொண்டே போகும். உரசி உரசி உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துத் தடித்து, அந்த இடம் பனைமரம் மாதிரியே ஆகிவிட்டது. சில நாள் அது வெடித்து ரத்தம் கசியும். அம்மா விளக்கெண்ணெய் தடவுவாள். மரத்தை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும் காய்ப்பு போகவில்லை. சின்ன வயதில் அப்பா என்னைத் தூக்கி அணைத்தால் கன்னத்தில் முதலில் படுவது அந்தச் சொரசொரப்புதான். இருட்டில் யார் தூக்கினாலும் அப்பாவா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்லி வளர்ந்தவன் நான். ஆத்துமா மேலே போய்ச் சேரும் என்பதோடு அது நிற்பதில்லை. சரீரமே எழும் என்கிறது. சொல்லிச் சொல்லிப் பழகியதால் அந்த வார்த்தையின் கனம் எனக்குத் தெரியாமலே இருந்தது. சிறுபிள்ளையாக இருந்தபோது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஈஸ்டர் அன்று விடியுமுன் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். கர்த்தர் வரும்போது எழுந்து நேரே அவரைப் பார்க்கட்டும் என்றுதான் கிழக்கே கால் நீட்டிப் புதைப்பது என்று பாட்டி சொல்லியிருந்தாள். பெரியவர்கள் பாடிக்கொண்டிருக்க, நான் தாத்தா கல்லறையின் சிமெண்டையே பார்த்துக்கொண்டிருப்பேன், எங்கே விரிசல் விடும் என்று. உருகிய மெழுகு விரலில் விழுந்து சுட்டாலும் கண்ணை எடுக்கமாட்டேன். அந்தப் பையனுக்குச் சரீரம் என்றால் சரீரம்தான்.

அப்பாவின் அடக்க ஆராதனையில் முதலாம் கொரிந்தியர் 15ஆம் அதிகாரம் வாசித்தார்கள். வீட்டுக்கு வந்து திரும்ப எடுத்துப் படித்தேன். அம்மாவின் கேள்வி அதற்குள்ளேயே இருந்தது. மரித்தவர்கள் எப்படிப்பட்ட சரீரத்தோடு வருவார்கள் என்று ஒருவன் கேட்பதாகப் பவுல் எழுதுகிறார். கேட்டவனைப் புத்தியில்லாதவன் என்று கடிந்துவிட்டு, விதையைக் காட்டுகிறார். புதைப்பது வெறும் விதை, முளைத்து வருவது வேறு உருவம். நாங்கள் பனங்கொட்டை புதைத்தவர்கள், எங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டைக்கும் மரத்துக்கும் என்ன சாயல் இருக்கிறது? அப்படியானால் காய்ப்பு போய்விடும்.

ஆனால் யோவான் எழுதியது வேறு மாதிரி இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவின் கையில் ஆணித் தழும்பு இருக்கிறது, விலாவில் ஈட்டி குத்திய இடமும் இருக்கிறது. தோமாவைக் கூப்பிட்டு அதைத்தான் காட்டுகிறார். மரணத்தை ஜெயித்த சரீரத்தில் ஏன் காயத்தின் அடையாளம் மட்டும் மிஞ்சியது? அவர் முகத்தைப் பார்த்துச் சிலர் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்பதும் என்னை விடமாட்டேன் என்கிறது. மகதலேனா மரியாள் தோட்டக்காரர் என்று நினைத்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. எம்மாவுக்குப் போன இரண்டு பேர் வழிநெடுகப் பேசிக்கொண்டே நடந்தும் அறியவில்லை, அப்பத்தைப் பிட்டபோதுதான் அறிந்தார்கள். குரல், கை, தழும்பு. எனக்கு அந்தச் சொரசொரப்பு.

கல்லூரி நாளில் அகுஸ்தீனாரின் 'கடவுளின் நகரம்' நூலைப் புரட்டியிருக்கிறேன். அதன் 22ஆவது பாகத்தில் அவர் இப்படிப்பட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். வெட்டி எறிந்த நகமும் முடியும் திரும்பி வருமா? கைக்குழந்தையாய் இறந்தது எந்த வயதில் எழும்? ஏறக்குறைய முப்பது வயதுக் கட்டுடல் எல்லோருக்கும் வாய்க்கும் என்று நினைக்கிறார். இரத்தசாட்சிகளின் தழும்புகள் ஒருவேளை இருக்கும், அவை குறையாக அல்ல, அழகாக இருக்கும் என்றும் சொல்கிறார். வாசித்தபோது பெரிய மனிதர் இதற்கெல்லாமா மெனக்கெட வேண்டும் என்று தோன்றியது. இன்று அவர்மேல் அன்பு வருகிறது. அவர் முன்னாலும் யாரோ ஒரு தாய் நின்று கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் அவர் இரத்தசாட்சிகளைத்தான் சொன்னார். நாலு பிள்ளைகளுக்குச் சோறு போட மரம் ஏறியவனின் நெஞ்சைப் பற்றிச் சொல்லவில்லை. அதுவும் சாட்சிதான் என்பது என் துணிவு. சொல்லிவிட்டு நானே தயங்குகிறேன். ரத்தம் கசிந்த ராத்திரிகளில் அப்பா புரண்டு படுக்க முடியாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வலியின் அச்சை நித்தியத்துக்கும் சுமந்துகொண்டிரு என்று கேட்க எனக்கு என்ன உரிமை? நான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவா?

அம்மா எந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்டாள் என்பதும் தெரியவில்லை. போய்விடும் என்றால் நிம்மதிப்பட்டிருப்பாளா, இருக்கும் என்றாலா? போன ஈஸ்டர் விடியற்காலையில் அவள் பக்கத்தில் நின்றபோது கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் குனிந்து, தலைமாட்டில் வைத்த மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைவாக நகர்த்திக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. அவள் ஒரு பதில் சொல்லியிருந்தால் அதை எப்படி ஏற்றிருப்பேன் என்றும் எனக்குத் தெரியவில்லை.