குணமாக்கும் நம்பிக்கை, குணமாகாத நரம்பு

க்வாரென் என்ற பிரெஞ்சுப் பெண்ணின் மார்பில் பதினைந்து ஆண்டுகளாக ஆறாத புண். புற்று என்றார்கள் மருத்துவர்கள். உடம்பின் இடப்பக்கமும் செயலிழந்து கிடந்தது. 1731 ஆகஸ்டில் அவர் ஒரு சட்டையைக் கொடுத்தனுப்பி, பாரிஸில் திருத்தொண்டர் பிரான்சுவா தெ பாரியின் சமாதிமேல் அதை வைத்து எடுத்துவரச் சொன்னார். அதை உடுத்திக்கொண்ட பிறகு கால் அசைந்தது, புண் ஆறத் தொடங்கியது. படுக்கையைவிட்டு எழுந்து நடந்தார்.

நூற்று அறுபது ஆண்டுகள் கழித்து, ஐரோப்பாவின் மிகப் பெரிய நரம்பு மருத்துவரான ழான்-மார்த்தேன் ஷார்கோ இந்தச் சம்பவத்தைக் கையில் எடுத்தார். திருச்சபையின் பிடியிலிருந்து மருத்துவமனைகளை விடுவிக்கப் போராடியவர்களின் பக்கம் நின்றவர் அவர். கட்டுக்கதை என்று ஒதுக்கியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் 1892 இறுதியில் வெளியான 'குணமாக்கும் நம்பிக்கை' என்ற கட்டுரையில், க்வாரென் உண்மையாகவே குணமானார் என்று ஏற்றுக்கொண்டார். லூர்து என்ற யாத்திரைத் தலத்தில் நோய்கள் குணமாவதும் எல்லாம் மோசடி இல்லை என்றார். நரம்பில் சிதைவு ஏதும் காட்டாத ஹிஸ்டீரியா என்ற நோய் தந்த முடக்கத்தை மனம் நீக்கும், அதன் புண்களும் ஆறும் என்பது அவர் விளக்கம். கூடவே ஒன்றையும் கவனித்தார்: வெட்டி எடுத்த கை கால் மறுபடி வளர்ந்ததாக அற்புதங்களின் பட்டியலில் ஒரு பதிவுகூட இல்லை.

மனம் எட்டும் இடத்துக்கும் எட்டாத இடத்துக்கும் இடையிலான அந்த எல்லைக்கோட்டை அவர் சும்மா போட்டுவிடவில்லை. 1862இல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பொறுப்பேற்றபோது, ஏறத்தாழ ஐயாயிரம் ஏழைப் பெண்கள் அங்கே அடைபட்டிருந்தார்கள். ஒருத்தியின் நடுக்கத்தையும் நடையையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைப்பார். அவள் இறந்ததும் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் பார்ப்பார். 1865இல் அவர் விவரித்த ஒரு பெண்ணுக்குக் கை கால்கள் விறைத்து முறுக்கிக்கொண்டிருந்தன. ஹிஸ்டீரியா என்றுதான் அவளைப் பற்றி முடிவுகட்டியிருந்தார்கள். திறந்து பார்த்தால், தண்டுவடத்தின் பக்கவாட்டுப் பகுதிகள் இருபுறமும் இறுகிப்போயிருந்தன.

1869இல் மருத்துவர் ஜோஃப்ருவாவோடு சேர்ந்து இன்னும் இரண்டு நோயாளிகளை ஆராய்ந்தார். தசைகள் கரைந்துபோனவர்களின் தண்டுவடச் சாம்பல் பகுதியிலும் நரம்பணுக்கள் அழிந்திருந்தன. மூளையிலிருந்து இறங்கும் பாதை, அங்கிருந்து தசைக்குப் போகும் நரம்பு, இரண்டும் சேர்ந்து சிதையும் இந்த நோய்க்கு 1874இல் அவர் வைத்த பெயர்தான் இன்றைய ஏ.எல்.எஸ். தொட்டால் தெரியும், கண் அசையும். விரல் மட்டும் எழாது. நோயின் போக்கை அவ்வளவு துல்லியமாகச் சொன்னவரிடம் மருந்து இருக்கவில்லை.

ஒரே நம்பிக்கையோடு வேண்டிக்கொண்ட இருவரில் ஒருத்தி எழுந்து நடக்கிறாள், இன்னொருத்தி கிடக்கிறாள். ஏன்? விசுவாசம் போதவில்லை, பாவம் தீரவில்லை, வினை விடவில்லை என்று எல்லா மதங்களிலும் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். அந்தப் பதில் நோயாளியின்மேல் குற்றமாகவும் விழுகிறது. எழாத விரலுக்கு அவளே காரணம் என்றாகிவிடுகிறது. ஷார்கோ இதை இப்படி எழுதவில்லை என்றாலும், இறுகிப்போன அந்தத் தண்டுவடம் அவளை அந்தப் பழியிலிருந்து விடுவிக்கிறது. மருந்தில்லாத மருத்துவம் செய்த பெரிய தொண்டு இது.

இதே ஷார்கோ ஹிஸ்டீரியா விஷயத்தில் வெகுதூரம் வழுக்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சபை நடுவே மனவசியத்தில் ஆழ்த்திப் பெண்களைக் காட்டினார். ஹிஸ்டீரியா பற்றிய அந்தக் கோட்பாட்டை அவர் இறந்த பிறகு அவருடைய மாணவர் பபின்ஸ்கியே கலைத்துப்போட்டார். கண்ணால் பார்க்காத க்வாரெனின் மார்புப் புண்ணுக்கு அத்தனை காலம் கழித்து நோய்ப்பெயர் சூட்டியதும் துணிச்சல்தான். ஆனால் அறிந்தது கொஞ்சம் என்ற உணர்வு அவரிடம் இருந்தது. கட்டுரையை, அதையே சொல்லும் ஹாம்லெட் நாடகத்தின் வரி ஒன்றோடு முடித்தார். 1893 ஆகஸ்டில் காலமானார். குடும்ப வழி வரும் ஏ.எல்.எஸ்ஸின் முதல் மரபணு பிடிபட்டது அதற்கு நூறு ஆண்டுகள் கழித்து, 1993இல்.

அவர் கட்டுரையில் ஒரு குறை உண்டு. குணமானதா இல்லையா என்பது ஒன்றே அதில் நம்பிக்கைக்கு அளவுகோல். லூர்துக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள். இத்தனை காலத்தில் திருச்சபை அற்புதமென்று ஏற்ற குணங்கள் எழுபது சொச்சம்தான். சக்கர நாற்காலியில் போய் அதிலேயே திரும்புகிறவர்களில் பலர் மறுபடியும் போகிறார்கள். அவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று ஷார்கோ கேட்கவே இல்லை.