தேய்ப்பவளின் பெயர்

ஸ்பானிய மொழியில் பெருக்க ஒரு வினை, தூசி தட்ட ஒரு வினை என்று வீட்டு வேலைக்குச் சொற்கள் பல. என் மனம் தங்கிவிட்டது ‘ஃப்ரெகார்’ என்பதில். அழுத்தித் தேய்த்துக் கழுவுதல். ஸ்பெயினில் பாத்திரத்துக்கும் இதுதான், தரைக்கும் இதுதான். பாத்திரம் கழுவும் தொட்டி ‘ஃப்ரெகதேரோ’.

*

வேர், லத்தீனின் ‘ஃப்ரிகாரே’: உரசு, தேய். இயற்பியலில் உராய்வைக் குறிக்கும் ஃப்ரிக்‌ஷனும் அங்கிருந்து வந்ததுதான். வேரில் தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை. கையின் அழுத்தம் மட்டுமே. வலிக்கிற உடம்பில் மருந்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிடுவதற்கும் ‘ஃப்ரியேகா’ என்றே பெயர்.

*

அடிப்பிடித்த சட்டி. உலர்ந்த எஸ்பார்த்தோ புல்லில் செய்த தேய்ப்பான் ஒரு கையில். மறு கை விளிம்பை இறுகப் பிடித்திருக்கிறது. கறை விடும்வரை மணிக்கட்டு விடுவதில்லை.

*

லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் இதே வினைக்கு ‘உயிரை வாங்கு’ என்று பொருள். ‘எஸ்தாமோஸ் ஃப்ரெகாதோஸ்’ என்றால் ‘நம் கதை முடிந்தது’. தரை துடைக்க அங்கே வேறு சொல்: ‘த்ராப்போ’ என்ற கந்தலிலிருந்து பிறந்த ‘த்ராப்பெயார்’.

*

‘ஃப்ரெகோனா’ என்றால் முன்பு தேய்த்துக் கழுவும் வேலைக்காரி. ஏளனமும் கலந்த பெயர். 1613இல் வெளிவந்த செர்வாந்தேஸின் கதை ஒன்றின் தலைப்பிலேயே அது இருக்கிறது. தொலேதோ நகரச் சத்திரத்தில் வளரும் அந்தப் பெண் கடைசியில் உயர்குடியில் பிறந்தவள் என்று தெரியவருகிறது. உண்மையிலேயே தேய்த்துப் பிழைத்தவர்களுக்கு அப்படி ஒரு முடிவு வாய்க்கவில்லை. ஈரத்தரையில் மண்டியிட்டு, கந்தலை வாளியில் முக்கி, வெறுங்கையால் பிழிந்து, நகர்ந்து நகர்ந்து துடைத்தார்கள்.

1956இல் சரகோசாவில் மானுவேல் ஹலோன் என்ற பொறியாளர், நீண்ட கோலும் பிழியும் அமைப்புள்ள வாளியும் சேர்ந்த மாப்பை உருவாக்கினார். அதற்கு வழக்கில் நிலைத்த பெயரும் ‘ஃப்ரெகோனா’வே. அவளுடைய பெயர் கோலுக்குப் போனது. அவள் எழுந்து நின்றாள். பெரிய தத்துவங்களுக்குச் சமமாக இதை மதிக்கிறேன்.

*

இன்று ஸ்பெயின் வீடுகளில் அந்தக் கோலைப் பிடிப்பவர்களில் பலர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த பெண்கள். ஊரில் தொல்லை என்று பொருள்பட்ட சொல், இங்கே அவர்களுக்குச் சோறு போடும் வேலை. வேலை போனால் உதவித்தொகை பெறும் உரிமை வீட்டுப் பணியாளர்களுக்கு ஸ்பெயினில் கிடைத்தது 2022இல்தான். முழங்காலின் வலி புரிந்து அந்தக் கோல் வந்து 66 ஆண்டுகளுக்குப் பிறகு. சுத்தமான வீட்டைப் புகழ்கிறவர்கள், அதைத் தேய்த்தவரின் கூலியையும் ஓய்வையும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.