யார் விவசாயி?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் காலை பஸ். நைட் ஷிஃப்ட் முடித்த பையன்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா. காலடியில் காலிக் கூடை. கொத்தமல்லிக் கட்டுகளைச் சந்தையில் போட்டுவிட்டுத் திரும்புகிறார். விதைக்கிறது, களை எடுக்கிறது, தண்ணி கட்டுறது, விக்கிறது... எல்லாம் அவர்தான்.

‘‘அப்ப நீங்கதான் விவசாயி!’’ என்றேன்.

சிரித்துவிட்டார். ‘‘நான் எங்க சார் விவசாயி? பட்டா வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. நான் சும்மா ஒத்தாசை!’’

1989-ல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் அரசின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் கைகொடுத்தது. அதே வருஷம்தான், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழக அரசு சட்டம் போட்டது.

குழு, வீடு தேடி வந்துவிட்டது. சேமிப்பு வந்தது, மாட்டுக் கடன் வந்தது, வட்டிக்காரர் பயம் குறைந்தது. பெரிய விஷயம்தான். சட்டம் மட்டும் வாசலிலேயே நிற்கிறது!

ஆக, கடன் அந்த அம்மா பேரில். நிலம் புருஷன் பேரில். ஓசூரைச் சுற்றி சிப்காட், தொழிற்சாலை, வீட்டுமனை என்று நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. நாளைக்கே ஒரு புரோக்கர் வந்தால், ஒரே கையெழுத்தில் கொத்தமல்லித் தோட்டம் காலி. அந்தக் கையெழுத்து அந்த அம்மாவுடையது அல்ல. கையில் காசு இல்லாதது மட்டுமா ஏழ்மை? ‘விக்காதீங்க’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லாததும் ஏழ்மைதானே?

‘குடும்பம் ஒண்ணுதானே, யார் பேர்ல இருந்தா என்ன?’ என்பீர்கள். சரி. யார் பேரில் இருந்தாலும் ஒன்றுதான் என்றால், அந்த அம்மா பேரிலேயே இருக்கட்டுமே!

நிலமே இல்லாத ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண் கூலித் தொழிலாளர்கள் சொந்தமாக நிலம் வாங்க, தமிழக அரசு 2023-ல் ‘நன்னிலம்’ திட்டத்தை அறிவித்தது. 5 லட்சம் ரூபாய் வரை மானியம். நல்ல காரியம். ஆனால், இருக்கிற நிலத்தில் பங்கு கொடுக்க மானியம் எதற்கு? மனசு போதும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? எங்கள் வீட்டுச் சொத்தில் ‘எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். ‘தங்கமான மனசு’ என்று பாராட்டி, புடவை எடுத்துக் கொடுத்தோம்.

உனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. நானும்தான்.