நன்றியும் பிரம்பும்

தம்மை ஆளாக்கிய ஆசிரியரை நன்றியோடு நினைவுகூரும் மாணவர், அவர் கையிலிருந்த பிரம்பையும் சேர்த்துப் புகழலாமா என்பது, பள்ளிப் பொன்விழாக்களிலும் முன்னாள் மாணவர் கூடல்களிலும் கேட்கப்படாமலே போகும் அறக்கேள்வியாகும். 1962 முதல் நாடு ஆசிரியர் நாளாகக் கொண்டாடிவரும் செப்டம்பர் 5, திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்த நாளாதலால், மணவூரும் திருவாலங்காடும் அடங்கிய அந்த வட்டாரத்துக்கு இக்கேள்வி கூடுதல் நெருக்கமுடையது. 1921-இல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இரயில் நிலையம்வரை இழுத்துச் சென்றார்கள். ஆசிரியர்மேல் மாணவர் வைக்கும் அன்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது போதும். அந்த அன்பு ஆசிரியரின் எல்லாச் செயல்களையும் சரியாக்கிவிடுமா என்பதுதான் ஆராயத்தக்கது.

பிற ஆசிரியர்களுக்கு எளிதில் வாய்க்காத நெருக்கம், பிள்ளைகள் ‘பி.டி. வாத்தியார்’ என்றழைக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கு வாய்க்கிறது. சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருவாலங்காட்டுக்கு முந்திய நிலையமான மணவூரைப் போன்ற ஊர்களில், கடைசி மணி அடித்தபின் சுண்ணாம்புத்தூளைக் கையில் அள்ளிக் கபடிக் களத்துக்குக் கோடு போடுபவரும், முழங்கால் சிராய்த்துக்கொண்ட பையனைக் குழாயடியில் உட்காரவைத்து மண் போகக் கழுவிவிடுபவரும், வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது தம் பையிலிருந்து பேருந்துச் சீட்டுக்குக் காசு எடுப்பவரும் அவரே. கபடி அணிக்குக் களத்தில் எழுவர், மாற்றாட்டக்காரர் ஐவர் எனப் பன்னிரண்டு பெயர்களை அவர் ஒரு தாளில் எழுதுகிறார். இரயில்வேயிலும் காவல்துறையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் நாட்டில், தமிழ்நாடு அரசே தன் பணியிடங்களில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கியிருக்கும் நிலையில், அந்தத் தாள் சில வீடுகளில் உலை வைப்பதற்கும் வழியாகிறது. இத்தகையவரை மறப்பது நன்றிகேடு என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

எனினும் விசில் தொங்கிய அதே கழுத்துக்குக் கீழே, கையில் பிரம்பும் இருந்தது. ‘அன்று அவர் அடித்த அடியில்தான் இன்று நிமிர்ந்து நிற்கிறோம்’ என்று மேடையில் சொல்லப்படும்போது கைத்தட்டல் எழுகிறது. அடியாத மாடு படியாது என்பதும், குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பதும் துணைக்கு வருகின்றன. அந்தப் பேச்சில் இரண்டு பிழைகள் உண்டு. அம்மாணவரை நிமிர்த்தியது, இருட்டும்வரை உடனிருந்த அந்த மனிதரின் நேரமா, அவருடைய பிரம்பா என்பதைப் பிரித்துப் பார்க்க அப்பேச்சு முயல்வதில்லை. இதைவிடப் பெரிய பிழை, அடிபட்டும் நிலைத்தவர்கள் மட்டுமே அந்த மேடைக்கு வந்திருக்கிறார்கள் என்பதை அது மறந்துவிடுவது. பலர் முன்னிலையில் பட்ட அடியின் கூச்சத்தால் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் கூடலுக்கு வருவதில்லை. அவரைக் கணக்கில் சேர்க்காமல் பிரம்பின் பலனை அளக்க முடியாது.

இதற்கு எதிராக வைக்கத்தக்க வலிய சான்று திருக்குறளிலேயே இருக்கிறது. ஒருவர் கொன்றாற்போன்ற தீங்கே செய்தாலும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்த அளவில் அத்தீங்கு மறைந்துபோகும் என்று ‘செய்ந்நன்றியறிதல்’ அதிகாரம் கூறுகிறது. இது உயர்ந்த நெறி என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்குறளில் தீங்கை ஏற்றவரும் நன்மையைப் பெற்றவரும் ஒருவரே. தன் முதுகில் விழுந்த அடியை மறக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. பக்கத்து வரிசையில் நின்றவன் முதுகில் விழுந்ததை அவன் சார்பில் மறக்க அவருக்கு என்ன உரிமை? நன்மை ஒருவருக்கும் தீங்கு இன்னொருவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கையில், முன்னவரின் நன்றியைக் கொண்டு பின்னவரின் கணக்கைத் தீர்ப்பது அறமாகாது.

பயிற்சியாளர்களுக்கு இந்திய அரசு 1985-இல் ஏற்படுத்திய விருதுக்குத் துரோணாச்சாரியார் பெயரே இடப்பட்டிருப்பது இவ்விடத்தில் எண்ணத்தக்கது. பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் அவ்விருதை முதலாண்டிலேயே பெற்றவர். அவருடைய தகுதியில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் பாரதக் கதையில் துரோணர், வேடர்குலத்தவன் என்று தாம் சேர்க்க மறுத்த ஏகலைவனிடமே குருதட்சிணையாக, அதாவது கல்விக்கு ஈடாக மாணவன் தரும் காணிக்கையாக, வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டார். அவனும் தயங்காமல் அறுத்துக் கொடுத்தான். கொடுத்தவனின் பெருமை கேட்டவரின் செயலை நியாயமாக்கவில்லை என்பதைக் கதை கேட்கும் சிறு பிள்ளையும் உணர்கிறது. பிரம்படியை மனமுவந்து ஏற்றதாகச் சொல்லும் பழைய மாணவரின் சொல்லையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காலத்தில் எல்லாரும்தான் அடித்தார்கள் என்பது மெய்யே. அடியைத் தடைசெய்யும் 17-ஆம் பிரிவைக் கொண்ட கல்வி உரிமைச் சட்டம் 2009-இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன் பணியாற்றியவரை இன்றைய அளவுகோலால் மட்டும் அளப்பது கடுமை. காலம் குற்றத்தின் சுமையைக் குறைக்கும். குற்றத்தைக் குணமாக்கித் தராது. அக்காலத்துக்கும் வெகு முன்னரே நன்னூலார் நல்லாசிரியருக்குத் துலாக்கோலை, பொருளை நடுநிலையாக நிறுக்கும் தராசை, உவமை சொன்னார். ஆசிரியராகத் தகாதவருக்கோ மடற்பனையை, நெருங்கியவர் கையைக் கருக்கு கிழிப்பதால் தானாக விழும் பழத்தையன்றி எதையும் தராத பனையை, உவமையாக்கினார். அன்புக்குரிய ஒரே ஆசிரியரிடம் தராசும் கருக்கும் சேர்ந்தே இருந்திருக்கலாம். இரண்டையும் சொல்வது அவரை முழு மனிதராக நினைவில் வைப்பதாகும்.

அவர் பெயரில் சுழற்கோப்பை வைக்கவும் மலர் வெளியிடவும் முனைவோர், வழக்கமாக அழைப்புப் பட்டியலை வெற்றிபெற்ற அணிகளின் புகைப்படங்களிலிருந்தே தொகுக்கிறார்கள். அதே பள்ளியின் அலமாரியில் சேர்க்கைப் பதிவேடும் இருக்கிறது. பாதியில் நின்றவர்களின் பெயரும், தந்தை பெயரும், ஊரும், சேர்ந்த நாளும் அதில் மை மங்கிய எழுத்தில் இருக்கும். அவர்களிலும் சிலர் இன்று அதே மைதானத்தைத் தாண்டித்தான் வேலைக்கு வண்டியேறப் போகிறவர்கள்.